முடியில் செருகிய பென்சில்

“இப்பவே இதையெல்லாம் ஏன் அதுங்க மண்டையில ஏத்துற? வளர வளரத் தானா தெரிஞ்சுக்கும்.”

பிள்ளைகளிடம் நிறவெறியைப் பற்றிப் பேசுகிறேன், சாதியைப் பற்றிப் பேசுகிறேன், சமூக நீதி என்றால் என்னவென்று பேசுகிறேன் என்றால் சுற்றியிருப்பவர்கள் சொல்வது இதுதான். அக்கறையில்தான் சொல்கிறார்கள். தானாகத் தெரிந்துகொள்ளும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. என்ன தெரிந்துகொள்ளும், யாரிடமிருந்து தெரிந்துகொள்ளும் என்பதுதான் என் கவலை.

பச்சைக் குழந்தையிலிருந்தே தொடங்கலாம். 2005இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு வெவ்வேறு இனத்தவரின் முகப்படங்களைக் காட்டினார்கள். எந்த முகத்தின் மேலும் அவற்றுக்குத் தனி நாட்டம் இல்லை. மூன்று மாதக் குழந்தைகளோ தினமும் பார்த்துப் பழகிய சாயலுள்ள முகங்களையே கூடுதல் நேரம் பார்த்தன. அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு இஸ்ரேலிலும் எத்தியோப்பியாவிலும் வளரும் குழந்தைகளை ஒப்பிட்டது. வெள்ளையர் நடுவில் வளரும் குழந்தை வெள்ளை முகத்தை நாடியது; கறுப்பர் நடுவில் வளரும் குழந்தை கறுப்பு முகத்தை நாடியது. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் பிறந்து, இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் எதன் மேலும் சாய்வு இல்லை.

இதில் வெறுப்பு ஏதும் கிடையாது, வெறும் பழக்கம். ஆனால் குழந்தை பார்க்கவில்லை, கவனிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பு மூன்றாம் மாதத்திலேயே செல்லாமல் போய்விடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் செய்த சட்டை ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மழலையர் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு நீலச் சட்டை, பாதிப் பேருக்குச் சிவப்புச் சட்டை. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் இந்தப் பக்கம் நில்லுங்கள், சிவப்புச் சட்டைக்காரர்கள் அந்தப் பக்கம். எது உயர்ந்தது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்காரர்களே மேல் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் சட்டையைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் அந்தச் சாய்வு குறைவாகவே இருந்தது.

“பாத்தீங்களா, பேசாம இருந்தா வம்பே இல்ல” என்று இதையே எனக்கு எதிராகவும் திருப்பலாம். திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் நாம் மட்டும் பேசாமல் இருந்தால் சரியாகிவிடும், வெளியே உலகமும் வாயை மூடிக்கொண்டால். அது மூடாதே. விளம்பரப் பலகையில் யார் முகம், குப்பை வண்டியில் யார் முகம், கதையில் இளவரசி என்ன நிறம், அடியாள் என்ன நிறம் என்று நாள் முழுக்க வரிசை பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை எதற்கும் காரணம் தேடும். நாம் காரணம் சொல்லவில்லை என்றால் தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குக் கைக்கெட்டும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவங்ககிட்ட ஏதோ குறை இருக்கு.

டெக்சாஸில் ஐந்திலிருந்து ஏழு வயதுவரையுள்ள வெள்ளைக் குழந்தைகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பெற்றோரிடம் பிள்ளைகளோடு இனம் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். தங்களைப் பெருந்தன்மையானவர்கள் என்று கருதியவர்கள். பேச்சு வந்தபோது பலர் நழுவினார்கள், சிலர் ஆய்விலிருந்தே விலகினார்கள். அதே குழந்தைகளிடம், “உங்க அப்பா அம்மாவுக்குக் கறுப்பர்களைப் பிடிக்குமா?” என்று கேட்டபோது பலருக்குத் தெரியவில்லை; சிலர் பிடிக்காது என்றே சொல்லிவிட்டார்கள். பெற்றோரின் மௌனத்துக்கு அந்தப் பிள்ளைகள் போட்ட உரை அது.

என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் நல்ல அடர் கறுப்பு நிறத்தில் ஒருவர். “அம்மா, அந்த மாமா ஏன் இவ்ளோ கறுப்பா இருக்காரு?” மெதுவாகப் பேசும் வழக்கம் அவளுக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வரிசையே திரும்பியது. பக்கத்திலிருந்த அம்மா உதட்டில் விரல் வைத்து, “ஷ்ஷ்… அப்படிச் சொல்லக் கூடாதுடா கண்ணு” என்றார். நான், “அவர் தோல்ல மெலனின்னு ஒரு சாயம் நிறைய இருக்கு. உனக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. எனக்கும் இருக்கு பாரு” என்று கையை நீட்டினேன். “ஓ” என்றாள். காலாட்டத் தொடங்கிவிட்டாள். அந்த மனிதர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவராக இருக்கலாம்.

அந்த ‘ஷ்ஷ்’ பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. குழந்தை கேட்டது ஒரு தகவல். நாம் வாயைப் பொத்தியதும் அது வசவாக மாறிவிடுகிறது. கறுப்பு என்பது சத்தமாகச் சொல்லக் கூடாத ஏதோ கேவலம் என்று அந்த ஒரு நொடியில் பதிந்துவிடும். அதே சமயம், முன்பின் தெரியாத மனிதரை என் பிள்ளைக்குப் பாடப்பொருளாக ஆக்கவும் எனக்கு உரிமை கிடையாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் இன்னொன்றையும் சொன்னேன். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவரின் உடம்பைப் பற்றி அவர் எதிரிலேயே பேசினால் அவருக்குச் சங்கடம். வெளியே வந்ததும் கேள், கட்டாயம் பதில் சொல்வேன். கேள்வியில் தப்பில்லை, இடம்தான் தப்பு என்பதை நாலு வயதுக் குழந்தை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

தோலின் கதையை அறிவியலாகச் சொல்லிவிடுவது நல்லது, எளிதும்கூட. மெலனினைச் சுரக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு சுரக்கின்றன, எந்த வகையைச் சுரக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமை. அங்கே வாழ்ந்த தலைமுறைகளுக்கு அடர்ந்த நிறம் பாதுகாப்பு. வெயில் மங்கிய வடக்கே போனவர்களுக்கு வைட்டமின் டி கிடைக்க வேண்டும் என்பதால் தோல் வெளுத்தது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு வரிசை 99.9 விழுக்காடு ஒன்றுதான். 1972இல் ரிச்சர்ட் லெவன்டின் கணக்கிட்டுக் காட்டியது இன்னும் சுவையானது: மனிதரிடையே இருக்கும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பது. கண்டம் விட்டுக் கண்டம் வேறுபடுவது மிகக் கொஞ்சம். என் மகன் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் எனக்குமே நிறைய வித்தியாசம் இருக்கும்ல?” என்றான். இருக்கும்.

ஆனால் இங்கேயே நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல்தான். “எல்லாரும் ஒண்ணு, நிறத்தையே பார்க்காதே” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எட்டிலிருந்து பதினொரு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கதைகள் கொடுத்தார்கள். ஒன்று, நிறத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், எல்லாரும் ஒன்றே என்ற கதை. மற்றது, வேறுபாடுகளைக் கவனித்து மதிக்கச் சொல்லும் கதை. பிறகு, ஒரு சிறுவன் இனத்தின் காரணமாகவே வெளிப்படையாகத் தாக்கப்படும் நிகழ்ச்சியைச் சொன்னார்கள். இரண்டாவது கதையைக் கேட்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் அதைப் பாகுபாடு என்று அடையாளம் கண்டார்கள். முதல் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர்தான். நிறத்தைப் பார்க்காதே என்று பழக்கினால் அநியாயமும் கண்ணில் படாமல் போகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை போய்ச் சொல்லும்போது, “அவன் சும்மா தள்ளிவிட்டான், அவ்வளவுதான்” என்று சாட்சி சொல்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அன்பாயிரு, எல்லாரையும் மதி என்பதெல்லாம் வேண்டிய பாடங்களே. நிறவெறிக்கு அவை பத்தாது. நிறவெறி என்பது சில கெட்ட மனிதர்களின் கெட்ட குணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டால், தாங்கள் நல்லவர்கள் என்பதால் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரியவர்கள் நாம் அப்படித்தானே இருக்கிறோம். அநியாயத்துக்கு விதி இருக்கும், படிவம் இருக்கும், முத்திரை இருக்கும், காலையில் வேலைக்கு வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும் எழுத்தர் இருப்பார். அதைத்தான் நான் என் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன்.

அதற்குத் தென்னாப்பிரிக்காவின் பென்சிலைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1948இல் அங்கே ஆட்சிக்கு வந்த கட்சி நிறவொதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கியது. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார் என்று வகை பிரித்துப் பதிய வேண்டும். இந்தியர் பிறகு தனி வகையானார்கள். சிலரை எந்த வகையில் சேர்ப்பது என்று அதிகாரிகளுக்கே குழப்பம். அப்போது முடியில் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர். சுருட்டை முடியில் சிக்கி நின்றுகொண்டால் இல்லை.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மகன் மேசையிலிருந்து பென்சிலை எடுத்துத் தங்கை முடியில் செருகிவிட்டான். அவளுக்கு என் அம்மாவின் சுருட்டை முடி. பென்சில் அசையாமல் நின்றது. அவன் தலையிலோ நேற்று வெட்டிய கிராப்பு. வைத்ததும் தரையில் விழுந்து உருண்டது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் பென்சிலைப் பிடுங்கி எடுத்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப நாங்க ரெண்டு பேரும் வேற வேற ஸ்கூலா?”

வேறு வேறு பள்ளி. வேறு வேறு குடியிருப்பும்கூட. அதற்கென்று அதே 1950இல் தனிச் சட்டம் வந்தது. சாண்ட்ரா லைங் என்ற சிறுமியின் பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்றே பதிவானவர்கள். அவள் தோல் சற்றுக் கறுப்பு, முடி சுருட்டை. வெள்ளையர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவளைப் பத்து வயதில் போலீசார் வந்து வெளியேற்றினார்கள். 1966இல் அவளைக் கலப்பினம் என்று அரசு பதிவு செய்தது. அப்பா வழக்காடினார். 1967இல் சட்டத்தையே திருத்தி, பெற்றோர் வெள்ளையர் என்றால் பிள்ளையும் வெள்ளையர் என்றார்கள்; அவள் மறுபடி வெள்ளையரானாள். இடையில் தோலும் மாறவில்லை, முடியும் மாறவில்லை. காகிதம் மட்டும் மாறியது.

“யாரும்மா பென்சில் வெச்சுப் பாப்பாங்க? போலீசா?”

“ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்க.”

“அவங்களுக்கு இது லூசுத்தனம்னு தெரியாதா?”

சிலருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது, 1994இல் எல்லா நிறத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடந்தது என்பதையும் சொன்னேன். ஆனால் அவர்கள் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தது பென்சிலையும் அதைப் பிடித்திருந்த கையையும் பற்றித்தான்.

இதே காரணத்துக்காகத்தான் ரோசா பார்க்ஸ் கதையைப் பள்ளிகளில் சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. வேலை முடிந்து களைத்துப்போன ஒரு கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்காக இடத்தைவிட்டு எழ மறுத்தார், நாடே விழித்துக்கொண்டது, முற்றும். 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில் கைதானபோது அவருக்கு வயது 42. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கறுப்பர் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளர். அந்தக் கோடையில்தான் போராட்டப் பயிற்சி முகாம் ஒன்றுக்கும் போய் வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில், அதே காரணத்துக்காகக் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவியைக் கைது செய்திருந்தார்கள். பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். நகரப் பேருந்துகளில் இனப்பாகுபாட்டை நிறுத்தாவிட்டால் புறக்கணிப்பு வரலாம் என்று அவர் 1954லேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தவர்.

கறுப்பர்கள் நகரப் பேருந்துகளில் ஏறாமல் இருந்த அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. என் பிள்ளைகளின் கேள்விகள் எல்லாம் இங்கேதான் வந்தன. மழை பெஞ்சா? வயசானவங்க? பெட்ரோலுக்குக் காசு? வேலைக்கு லேட்டா போனா திட்ட மாட்டாங்களா? மழையிலும் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் ஏற்றிப் போக, எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டார்கள். தேவாலயங்களில் பணம் திரட்டினார்கள். காரில் ஆளேற்றிப் போனதற்காக ஓட்டுநர்களைப் போலீசார் பிடித்து அபராதம் போட்டார்கள். கடைசியில் பேருந்துப் பிரிவினையை உடைத்த வழக்கில் வாதிகளில் ஒருவர் அந்தப் பதினைந்து வயதுக் கோல்வின். வீராங்கனைக் கதையைப் பிள்ளைகள் கேட்பார்கள், கைதட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். பெட்ரோலுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குள் தங்கிவிடுகிறது. ஒரு நாள் தானும் எங்கேயாவது துண்டறிக்கை ஓட்டலாம் என்று தோன்றுவது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சமூக நீதி என்று தமிழில் எழுதிவிட்டு அமெரிக்காவோடும் தென்னாப்பிரிக்காவோடும் நிறுத்திக்கொள்வது பெரிய வசதி. தூரத்து அநியாயத்தைத் திட்டுவதற்குச் செலவே இல்லை. சாதியைப் பற்றிப் பேச நான் அம்பேத்கரின் பள்ளிக்கூட நாட்களிலிருந்து தொடங்கினேன். அவரே எழுதி வைத்திருப்பது. வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்காரக் கூடாது. மூலையில் ஒரு சாக்கின் மேல் உட்கார வேண்டும். அந்தச் சாக்கை அவரே கொண்டுபோய் அவரே எடுத்து வர வேண்டும், ஏனென்றால் பள்ளியைப் பெருக்குகிற ஆள் அதைத் தொட மாட்டார். தாகமெடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

மகளுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஒரு வகுப்பு என்பதே அவளுக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. மகாராஷ்டிரத்திலுள்ள மகாடு குளத்தின் கதையை மகனுக்கு மட்டும் விரிவாகச் சொன்னேன். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக அவ்வூர் நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் தலித்துகள் யாரும் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். திரும்பி வந்தவர்களை அடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சடங்கு செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு 1937இல்தான் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று பென்சில் கதையிலிருந்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்க முடியாத கதை அதைக் கொஞ்சம் அசைத்தது.

“நம்ம தாத்தாவோட தாத்தா எல்லாம் அப்ப எந்தப் பக்கம்?” என்றான். எங்கள் குடும்பம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தண்ணீரைத் தடுத்தவர்கள் பக்கம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நீ செய்ததில்லை, உன்மேல் யாரும் பழி போடவும் இல்லை என்று சொன்னேன். அதோடு, நாம் இத்தனை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனதும், மற்றவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்ததும் ஒரே ஏற்பாடு என்பதையும் சொன்னேன். இதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, குற்றவுணர்ச்சி வந்துவிடும் என்கிறார்கள். அரைமணி நேரம் முகம் வாடியிருந்தான், பிறகு விளையாடப் போய்விட்டான். பெரியவர்களின் சங்கடத்தைத்தான் நாம் பிள்ளைகளின் மேல் ஏற்றிப் பேசுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வில்லனே இல்லாத அநியாயத்தையும் காட்டலாம். வண்ணச் சுருளில் படம் எடுத்த காலத்தில், நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் வைத்திருந்த மாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்கள்தான். அவர்கள் முகத்துக்குச் சரிபார்த்த சுருளில் கறுத்த முகங்கள் அடையாளம் தெரியாமல் மங்கின. கிரேயோலா நிறுவனம் வெளிர் ரோஜா நிறக் கிரேயானுக்குத் ‘தசை நிறம்’ என்று பெயர் வைத்திருந்தது. 1962இல்தான் பீச் என்று மாற்றியது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது, அதனால் ஆக்சிஜன் குறைந்திருப்பது தெரியாமலே போகிறது என்று 2020இல் வந்த அமெரிக்க மருத்துவ ஆய்வு எச்சரித்தது. இதையெல்லாம் செய்தவர்கள் யாரும் கறுப்பரை வெறுத்துச் செய்திருக்க வேண்டியதில்லை. சோதிக்கும்போது யார் விரலை வைத்துச் சோதித்தார்கள் என்று மட்டும் கேட்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். என் மகன் இப்போது எந்தக் கருவியைப் பார்த்தாலும் அதைக் கேட்டுத் தொல்லை பண்ணுகிறான்.

பள்ளிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5, அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, ஒரு தரப்பை உயர்த்தி மறுதரப்பைத் தாழ்த்தி நடத்தினார். கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்யத் தொடங்கினார்கள். உலகப் புகழ்பெற்ற பாடம். இதைப் படித்துவிட்டுத் தங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கத் துடிக்கும் ஆசிரியர்களை நான் சந்தித்திருக்கிறேன். வேண்டாமே. அவமானம் எப்படியிருக்கும் என்று காட்ட எட்டு வயதுப் பிள்ளையை அவமானப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. வகுப்பில் ஏற்கெனவே தினமும் அதை அனுபவிக்கும் பிள்ளை இருந்தால் அதற்கு இது எந்தப் புதுப் பாடத்தைச் சொல்லித்தரும்?

எனக்குப் பிடித்தது உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் ஆஸ்டின் நகரத்தில் செய்து பார்த்தது. நிறப் பிரிவினை அப்போதுதான் நீக்கப்பட்டிருந்த பள்ளிகள். வகுப்பில் ஓயாத சண்டை. அவர் பிள்ளைகளைக் கலந்த சிறு குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் கையிலுள்ள துண்டைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தேர்வு எழுத முடியும். இனத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லை. கேலி குறைந்தது, மதிப்பெண்ணும் கூடியது. பன்முகத்தன்மை தினம் என்று வருஷத்துக்கு ஒருமுறை வண்ண வண்ண உடை போட்டுப் படம் பிடிக்கிற பள்ளிகள், அந்த ஒரு நாளை விட்டுவிட்டு வாரம் ஒரு பாடத்தை இப்படி நடத்தலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் பார்க்கிற பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு. படுகிற பக்கத்துப் பெற்றோருக்கு இப்பவா அப்புறமா என்று யோசிக்கும் வாய்ப்பே கிடையாது. வகுப்பில் எவனாவது ஓர் இழிபெயர் சொல்லிக் கூப்பிட்ட அன்றைக்குப் பேசியாக வேண்டும். 1940களில் அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் நிறத்தைத் தவிர எல்லா வகையிலும் ஒன்றாக இருந்த பொம்மைகளைக் கறுப்புக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, கடைசியாக, எது உன்னைப் போல இருக்கிறது? கெட்டது என்று கறுப்புப் பொம்மையைக் காட்டிய சில பிள்ளைகள் கடைசிக் கேள்வி வந்ததும் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றிலிருந்து ஏழு வயது. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று கொஞ்சுகிறவர்கள், கேட்கும் பிள்ளைக்கு என்ன வயது என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி ஏதாவது நடந்து பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னால், முதலில் முழுக்கக் கேளுங்கள். “நீ என்ன செஞ்ச?” என்று கேட்டுவிடாதீர்கள், பிள்ளை அடுத்த முறை சொல்லாது. நடந்தது தப்பு, உன்னிடம் தப்பில்லை என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். “கண்டுக்காம விடு” என்பது பெரியவர்கள் தங்கள் நிம்மதிக்காகச் சொல்வது. பிறகு பள்ளிக்கு எழுதுங்கள், போனில் பேசி முடித்துக்கொள்ள வேண்டாம். தேதி, இடம், சொன்ன வார்த்தை எதுவோ அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த ஆசிரியரிடம் பிள்ளை சொன்னது, பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள். பாதிக்கப்பட்ட பிள்ளை உங்கள் பிள்ளையாக இல்லாமல் உங்கள் பிள்ளை பார்த்ததாக இருந்தாலும், அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு நீங்களும் எழுதுங்கள்; ஒரே நிகழ்ச்சி பற்றி இரண்டு வீடுகளிலிருந்து கடிதம் வந்தால் அலுவலகத்தில் அதற்கு வேறு மரியாதை. “பசங்க விளையாட்டுக்குச் சொன்னது” என்று அநேகமாகப் பதில் வரும். அந்தப் பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.